ஒரு ஃபோன், நாற்பது பிள்ளைகள்: பி.எட். அறிவியல் மாணவர்கள் செயலிகளை வைத்துப் பாடத்திட்டம் எழுதும் முறை

பி.எட். இரண்டாம் ஆண்டில் பதினாறு வாரம் பள்ளியில் பயிற்சி. முதல் வாரத்தில் பலர் செய்யும் தவறு ஒன்றுதான். பிளே ஸ்டோரில் நன்றாக இருக்கும் ஒரு செயலியை இறக்கிவிட்டு, அதை எந்தப் பாடத்தில் நுழைக்கலாம் என்று பாடநூலைப் புரட்டுவார்கள். ரெக்கார்டில் ‘கற்பித்தல் துணைக்கருவி: மொபைல் செயலி’ என்று எழுதும்போது புதுமையாகத்தான் தெரியும். வகுப்பில் பின் பெஞ்சுப் பிள்ளைக்கு அந்த ஆறு அங்குலத் திரையில் ஒன்றுமே தெரியாது.

ஃபோனைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். பீரியட் முடியும்போது பிள்ளை எதைச் செய்து காட்ட வேண்டும்? அதில் எங்கே இடறுவான்? எதைப் பார்த்தால் அல்லது அளந்தால் அந்த இடறல் தீரும்? மூன்றாவது கேள்விக்கு ‘அளந்தால்’ என்ற விடை வந்தால்தான் ஃபோனுக்கு வேலை. ‘கையில் தொட்டுப் பார்த்தால்’ என்று வந்தால் எலுமிச்சையும் சுண்ணாம்பும் போதும், செயலி தேவையே இல்லை.

முதல் வரியில் ‘ஒலியின் திசைவேகத்தைப் பற்றி அறிந்துகொள்வர்’ என்று எழுதினால் எதையும் திட்டமிட முடியாது. ‘கைதட்டல் இரு ஃபோன்களை எட்டும் நேர வேறுபாட்டைக் கொண்டு ஒலியின் திசைவேகத்தைக் கணக்கிடுவர்’ என்று எழுதுங்கள். எத்தனை ஃபோன், எவ்வளவு தூரம், எந்தச் செயலி, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் அந்த ஒரு வரியிலிருந்தே வந்துவிடும்.

ஃபோனில் என்ன உணரி இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஃபைபாக்ஸ், ஃபோனின் உணரிகளைக் கொண்டே அளக்க உதவும் இலவசச் செயலி. ஒருமுறை இறக்கிவிட்டால் அளப்பதற்கு இணையம் வேண்டாம். மாஞ்சோலைப் பக்கமோ பாபநாசம் மலையடிவாரமோ, சிக்னல் வந்து வந்து போகிற பள்ளியிலும் வேலை செய்யும். அதைத் திறந்ததும் சோதனைகளின் பட்டியல் வரும். மங்கலாகத் தெரியும் சோதனைக்கு வேண்டிய உணரி உங்கள் ஃபோனில் இல்லை என்று பொருள். மைக்கும் முடுக்கமானியும் எல்லா ஃபோனிலும் உண்டு. விலை குறைந்த பல ஃபோன்களில் சுழல் உணரி (கைரோஸ்கோப்) இருக்காது. காற்றழுத்த உணரி இருப்பது அதைவிட அபூர்வம். ஊசல் சோதனைக்குச் சுழல் உணரி வேண்டும் என்பது தெரியாமல் திட்டம் எழுதிவிட்டு, காலை எட்டரைக்குத் தோழியின் ஃபோனைக் கடன் கேட்டு நிற்பவர்கள் உண்டு. உங்கள் ஃபோனில் இருக்கும் உணரிகளைத் திட்ட நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

ஒரு பாடம் முழுவதும்: ஒலியின் திசைவேகம்

இதை விரிவாகவே பார்க்கலாம். ஒன்பது, பத்து இரண்டு வகுப்புகளுக்கும் பயன்படும். தப்பு நடக்க நிறைய இடம் உள்ள சோதனையும் இதுதான்.

தேவை: ஃபைபாக்ஸ் உள்ள இரண்டு ஃபோன், ஒரு அளவு நாடா, இரண்டு சோடி சிரட்டை, ஒரு வெப்பமானி. கையால் தட்டுவதைவிடச் சிரட்டை ஏன் மேல் என்பதற்குக் காரணம் கீழே வருகிறது.

1. இரண்டு ஃபோனையும் சரியாக 5 மீட்டர் இடைவெளியில் ஸ்டூல் மேல் வையுங்கள். மைக் இருக்கும் முனையிலிருந்து மைக் இருக்கும் முனை வரை அளக்க வேண்டும்.
2. இரண்டிலும் ஒலி நிறுத்துகடிகாரம் என்ற சோதனையைத் திறந்து ஓட விடுங்கள். ஒலி வரம்பு என்ற கட்டத்தில் 0.1 இருக்கும். வகுப்பு இரைச்சலாக இருந்தால் 0.3 ஆக்குங்கள்.
3. முதல் பிள்ளை முதல் ஃபோனுக்குப் பின்னால், இரண்டு ஃபோனும் சேரும் நேர்கோட்டிலேயே நின்று ஒரு தட்டு தட்ட வேண்டும். இரண்டு கடிகாரமும் ஓடத் தொடங்கும்.
4. ஓரிரு விநாடி கழித்து, இரண்டாம் பிள்ளை இரண்டாம் ஃபோனுக்குப் பின்னால் நின்று தட்ட வேண்டும். இரண்டும் நிற்கும்.
5. முதல் ஃபோன் காட்டும் நேரத்திலிருந்து இரண்டாவது காட்டும் நேரத்தைக் கழியுங்கள். அந்த வேறுபாடு ஒலி 10 மீட்டர் செல்ல எடுத்த நேரம். 10ஐ அதனால் வகுத்தால் திசைவேகம்.

ஐந்தாம் படிதான் பிள்ளைகளுக்குப் புரியாது. 5 மீட்டர் வைத்துவிட்டு 10 மீட்டர் என்று ஏன் கணக்குப் போடுகிறோம்? முதல் தட்டின் ஒலி இரண்டாம் ஃபோனுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்கிறது, ஆகவே அது தாமதமாகத் தொடங்குகிறது. இரண்டாம் தட்டின் ஒலி முதல் ஃபோனுக்குத் தாமதமாக வருகிறது, ஆகவே அது தாமதமாக நிற்கிறது. தாமதம் இருமுறை சேர்கிறது. இதைக் கரும்பலகையில் இரண்டு கோடாக வரைந்து காட்ட ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். இந்தப் படத்தை விட்டுவிட்டுச் சோதனைக்குள் போனால், பிள்ளைகள் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்வார்கள்.

வர வேண்டிய விடை என்ன என்பதை முதல் நாளே கணக்கிட்டு வையுங்கள். சுழி டிகிரியில் 331 மீட்டர், அதோடு டிகிரிக்கு 0.6 மீட்டர் கூட்ட வேண்டும். நம் ஊரில் 30 டிகிரி சாதாரணம், ஆகவே விநாடிக்கு 349 மீட்டர். அதாவது நேர வேறுபாடு ஏறக்குறைய 0.029 விநாடி வர வேண்டும். 1 மில்லிவிநாடி பிசகினாலே விடை 3 சதவீதத்துக்கு மேல் மாறும். ஒரே ஒரு முறை தட்டி எழுதிக்கொண்டு போகாதீர்கள். ஆறு முறை செய்து, வெகுவாக விலகி நிற்பதை ஏன் என்று பேசிவிட்டு நீக்கி, மீதிக்குச் சராசரி எடுங்கள்.

விடை 430க்கு மேல் வருகிறதா? தட்டும் பிள்ளைகள் ஃபோன்களுக்கு நடுவே வந்து நின்றிருப்பார்கள். இருவரும் அரை மீட்டர் உள்ளே வந்துவிட்டால் ஒவ்வொரு தட்டிலும் பாதை வேறுபாடு 5 மீட்டருக்குப் பதில் 4 ஆகிவிடும். 349 வர வேண்டிய இடத்தில் 436 வரும். தரையில் சுண்ணாம்புக்கட்டியால் நிற்கும் இடத்தைக் குறித்துவிட்டால் தீர்ந்தது.

பிள்ளைகள் மனதில் உள்ள முக்கியத் தவறு, பலமான ஓசை சீக்கிரம் போகும் என்பது. தட்டுவதற்கு முன் இதைக் கேளுங்கள், கையுயர்த்தச் சொல்லிப் பலகையில் எண்ணிக்கை எழுதுங்கள். பிறகு மெதுவாகவும் பலமாகவும் தட்டி அளக்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடிகாரம் ஒலியின் வீச்சு வரம்பைத் தாண்டும் கணத்தில்தான் விழிக்கும். மெதுவாகத் தட்டினால், தொலைவில் உள்ள ஃபோனில் வீச்சு வரம்பை எட்டச் சற்று நேரம் பிடிக்கும். நேர வேறுபாடு கூடும். ‘பார்த்தீங்களா டீச்சர், மெதுவான ஓசை மெதுவாத்தான் போகுது’ என்று பிள்ளைகள் தவறான முடிவுக்கே வந்து நிற்பார்கள். இதற்காகத்தான் சிரட்டை: அதன் ஓசை சட்டென்று உச்சத்துக்கு ஏறும். மெதுவாகத் தட்டும் சுற்றில் வரம்பைக் குறைத்தும் வையுங்கள்.

அடுத்தது காற்று. ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் மைதானத்தில் இதைச் செய்ய நினைக்காதீர்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில் மைக் சும்மா இருக்குமா? தட்டும் முன்பே கடிகாரம் ஓடிவிடும். வராண்டாவில் சுவரோரம் செய்யுங்கள். அதுவும் முடியாவிட்டால் மைக் முனையை மெல்லிய பருத்தித் துண்டால் ஒரு சுற்று சுற்றலாம். காற்று ஒலியைத் தள்ளிக்கொண்டு போகுமே, விடை தப்பாகுமே என்று ஒரு பிள்ளை கேட்டால் அது அருமையான கேள்வி. காற்று விநாடிக்கு 10 மீட்டர் வீசினால் ஒரு திசையில் 359, எதிர்த்திசையில் 339. நாம் இருபுறமும் தட்டுவதால் இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடுகிறது. ஆகக் காற்றின் தொல்லை இரைச்சலில்தான், விடையில் இல்லை. ஜன்னல் வழியே காற்றாலை தெரியும் பள்ளி என்றால் இதையே பாடத்தைத் தொடங்கும் ஊக்குவித்தல் கட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நேரப் பங்கீடு 45 நிமிடத்துக்கு: அறிமுகமும் கையுயர்த்தலும் 6, படம் வரைந்து விளக்குவது 5, அளப்பது 12, கணக்கு 8, தவறுகளைப் பேசுவது 7, மதிப்பீடு 5. மீதி 2 நிமிடம் ஸ்டூல் நகர்த்துவதற்கு. அதைத் திட்டத்தில் எழுதாதவர்கள் எல்லோரும் மதிப்பீட்டை மணி அடித்த பிறகுதான் செய்கிறார்கள்.

நாற்பது பேரும் எண்ணைப் பார்க்க வேண்டுமானால் ஃபைபாக்ஸின் மூன்று புள்ளி மெனுவில் தொலை அணுகல் என்ற வசதி இருக்கிறது. அதை இயக்கினால் ஒரு முகவரி வரும். அந்த ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து, முகவரியை பிரவுசரில் அடித்தால் ஃபோனில் ஓடுவது புரொஜெக்டரில் தெரியும். இதற்கு டேட்டா செலவாகாது. உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள அரசுப் பள்ளி என்றால் இதை முதல் நாள் மாலையே அந்த அறையில் முயன்று பாருங்கள்.

நம் மண்ணுக்கே உரிய ஒரு காந்தப் பாடம்

திருநெல்வேலி புவியின் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதற்கு இந்த அமைவிடம்தான் காரணம். டெல்லியில் காந்தப்புலம் தரையோடு 40 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும். இங்கே கிட்டத்தட்ட கிடையாகவே படுத்திருக்கும். ஃபைபாக்ஸில் காந்தமானியைத் திறந்து ஃபோனை மல்லாக்கப் படுக்க வையுங்கள். மூன்று எண் வரும். திரைக்குச் செங்குத்தான திசையைக் காட்டும் மூன்றாவது எண் சுழியை ஒட்டி நிற்கும், மற்ற இரண்டும் சேர்ந்து சுமார் 40 மைக்ரோடெஸ்லா. வட மாநிலத்துப் பிள்ளைக்கு இது கிடைக்காது, நம் பிள்ளைக்குப் பெஞ்சு மேலேயே கிடைக்கிறது.

பெஞ்சு என்றதும் ஒரு எச்சரிக்கை. இரும்புக் கால் வைத்த பெஞ்சில் எண் தாறுமாறாகப் போகும். மரமேசை, அல்லது தரையில் அடுக்கிய நான்கு பாடநூல். காந்த மூடி உள்ள ஃபோன் கவரைக் கழற்றுங்கள். அளக்கும் முன் ஃபோனைக் கையில் பிடித்துக் காற்றில் எட்டு வடிவத்தில் ஐந்தாறு முறை சுழற்றுங்கள், உணரி தன்னைச் சரிசெய்துகொள்ளும். அப்படியும் மூன்றாவது எண் சுழிக்கு வரவில்லை என்றால் தரைக்கடியில் கம்பி இருக்கலாம். இடத்தை மாற்றிப் பாருங்கள்.

மின்சுற்றுக்கு ஃபெட்

கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் பாவனைகள் (திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள்) 2002 முதல் இருக்கின்றன, சில தமிழிலும் உண்டு. தளத்தில் பாவனையை ஒரே கோப்பாக இறக்கி ஃபோனில் வைத்துக்கொண்டால் இணையமின்றி ஓடும். ஓம் விதிக்கு மின்சுற்று அமைக்கும் பாவனை நன்றாக உதவும். அதை வைத்துத் திட்டமிடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அதில் மின்கலத்துக்கு அகமின்தடை, அதாவது மின்கலத்துக்குள்ளேயே இருக்கும் தடை, சுழி; கம்பிக்கும் தடை மிகமிகக் குறைவு. ஆகவே 1.5 வோல்ட் வைத்தால் 1.5 தான் காட்டும். அடுத்த பீரியடில் ஆய்வகத்தில் பழைய மின்கலத்தோடு பல்பை இணைத்து அளந்தால் 1.2 வரும், பிள்ளைகள் கருவி கெட்டுவிட்டது என்பார்கள். பாவனையின் மேம்பட்ட அமைப்பில் மின்கலத்தின் தடையைக் கூட்டலாம். முதலில் சுழியில் காட்டி, ஆய்வக எண்ணைப் பார்த்த பிறகு தடையைக் கூட்டி அதே எண்ணைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இந்த வரிசையில் செய்தால் அகமின்தடை என்பதற்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

காணொலிக்குத் தமிழக அரசின் மணற்கேணி செயலியும் மத்திய அரசின் திக்‌ஷாவும் இருக்கின்றன. முழுதாக ஓட விடாதீர்கள். மூன்று நிமிடத் துண்டு, எங்கே நிறுத்தி என்ன கேட்பீர்கள் என்பது திட்டத்தில் நிமிடத்தோடு இருக்கட்டும். கூந்தன்குளத்துக்குப் பறவை பார்க்கக் கூட்டிப் போவதானால், பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியில் இந்தியப் பறவைத் தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள்.

கலைச்சொல்லில் விழும் குழி

பாடநூல் பிடிஎஃபிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் பல நேரம் புரியாத குறிகள்தான் வரும். எழுத்துரு யூனிகோடு இல்லை என்பதே காரணம். பக்கத்தைப் படம் எடுத்து கூகுள் லென்ஸில் உரையாக மாற்றுங்கள். மெய்யெழுத்துப் புள்ளிகளையும் ‘ர’, ‘ற’ வேறுபாட்டையும் ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும்.

சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றிடம் முழுப் பாடத்திட்டம் கேட்பதில் பயன் குறைவு. எந்த ஊர்ப் பள்ளிக்கும் பொருந்துகிற, எந்த வகுப்புக்கும் பொருந்தாத ஒன்றைத் தரும். உங்கள் பள்ளியில் இல்லாத உபகரணத்தைப் பட்டியலிடும். இல்லாத பக்க எண்ணைச் சொல்லும். மாறாக, பாடநூல் பத்தியைக் கொடுத்து இப்படிக் கேளுங்கள்: ‘இது தமிழ்நாடு ஒன்பதாம் வகுப்பு அறிவியல். இதில் மாணவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஐந்து இடங்களைச் சொல். ஒவ்வொன்றையும் வெளிக்கொணர ஒரு கேள்வி கொடு. விடை வேண்டாம்.’ வரும் ஐந்தில் இரண்டு தேறினாலும் லாபம். பிள்ளைகளின் பெயரையோ மதிப்பெண்ணையோ அதில் போடாதீர்கள்.

இணையத்திலும் இந்தக் கருவிகளிலும் இலங்கைத் தமிழ்க் கலைச்சொற்கள் கலந்து வரும். தமிழ் அழகாக இருக்கிறது என்று அப்படியே எடுத்தால் பாடமே குழம்பும். அங்கே மூலகம், இங்கே தனிமம். அங்கே ஆர்முடுகல், இங்கே முடுக்கம். அங்கே ஒளித்தொகுப்பு, இங்கே ஒளிச்சேர்க்கை. இவையாவது பார்த்த உடனே தெரிந்துவிடும். மிக ஆபத்தானது ‘நிறை’. நம் பாடநூலில் நிறை கிலோகிராமில் அளப்பது, எடை நியூட்டனில் அளப்பது. இலங்கை வழக்கில் கிலோகிராமில் அளப்பது திணிவு. நிறை என்பது நாம் எடை என்று சொல்வது. ‘நிலவில் நிறை குறையும்’ என்ற வரி அங்கே சரி, நம் வகுப்பில் தப்பு. பாடநூலின் கடைசிப் பக்கக் கலைச்சொல் பட்டியலை ஃபோனில் படமாக வைத்துக்கொண்டு, எடுக்கும் ஒவ்வொரு சொல்லையும் அதோடு ஒத்துப் பாருங்கள்.

மதிப்பீடும் மறுபார்வையும்

பிள்ளைகள் கையில் ஃபோன் இருக்காது, இருக்கவும் கூடாது. அதற்குப் பிளிக்கர்ஸ் என்ற செயலி ஏற்றது. ஒவ்வொரு பிள்ளைக்கும் வெவ்வேறு குறி அச்சிட்ட ஒரு அட்டை. ஏ, பி, சி, டி எதைச் சொல்ல வேண்டுமோ அந்தப் பக்கம் மேலே வருமாறு பிடிக்க வேண்டும். நீங்கள் உங்கள் ஃபோன் கேமராவை வகுப்பின் குறுக்கே நகர்த்தினால் யார் என்ன சொன்னார்கள் என்று பதிவாகிவிடும். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுத முடியாது. ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டு, கெட்டி அட்டையில் ஒட்டுங்கள். பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பட்டு கேமரா தடுமாறும். குறியை விரலால் மறைக்கக் கூடாது என்று முதல் நாளே பழக்குங்கள். கேள்வியின் தவறான விடைகள் கண்ணை மூடிக்கொண்டு போட்டவையாக இருக்கக் கூடாது. ‘பலமாகத் தட்டினால் வேகம் கூடும்’ என்பது ஒரு விடையாக இருந்தால்தான் அந்த அட்டையால் உங்களுக்கு ஒரு செய்தி கிடைக்கும்.

ஃபோனில் ஏற்கெனவே இருக்கும் குரல் பதிவிதான் எல்லாவற்றிலும் குறைவாக மதிக்கப்படும் செயலி. கைடு டீச்சரிடமும் ஹெச்.எம்.மிடமும் சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் போட்டுப் பதிவு செய்யுங்கள். ஒலி மட்டும் போதும், பிள்ளைகள் முகம் விழும் வீடியோ வேண்டாம். மாலையில் கேட்டு இரண்டே எண்களை எழுதுங்கள்: எத்தனை கேள்வி கேட்டீர்கள், ஒவ்வொன்றுக்கும் பிறகு எத்தனை விநாடி காத்திருந்தீர்கள். அனேகமாக ஒரு விநாடிகூட இருக்காது. அடுத்த திட்டத்தில் முக்கியமான மூன்று கேள்விகளுக்குப் பக்கத்தில் ‘3 விநாடி’ என்று எழுதி வைத்தால், முன்வரிசை இரண்டு பேரைத் தாண்டியும் கை உயரும்.

பல கல்லூரிகளில் கையால் எழுதிய ரெக்கார்டே கேட்பார்கள். ஃபோனில் கூகுள் கீப்பிலோ டாக்ஸிலோ வரைவு எழுதி, வகுப்பு எடுத்துத் திருத்திய பிறகு நோட்டில் ஏற்றுங்கள். முன்னதாகவே அழகாக எழுதிவிட்டால் திருத்த மனம் வராது.

துணைக்கருவிக் கட்டத்துக்குக் கீழே ‘மாற்று ஏற்பாடு’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். ஒலிப் பாடத்துக்கு அது இப்படி: முதல் நாள் மாலை எடுத்த ஆறு அளவீடுகள் ஒரு சார்ட்டில் பெரிதாக. கரண்ட் போனாலும் ஃபோன் செத்தாலும் கணக்குப் பகுதி அப்படியே நடக்கும். அளக்கும் இரண்டு ஃபோனையும் ஃபிளைட் மோடில் போட மறக்காதீர்கள், ஹாட்ஸ்பாட் தேவைப்படும் ஃபோனைத் தவிர. அதில் அழைப்பு மணியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நான்காவது தட்டின்போது சரியாக வீட்டிலிருந்து ஃபோன் வரும்.